மழையில் நனைந்த கணக்கு நோட்டு: கைப்பேசிக் குறிப்புச் செயலியை எங்கிருந்து தொடங்குவது?

வாடைக்காற்று (பாம்பன்), திங்கள் இரவு 9.12

எங்களுடையது நாட்டுப்படகு. அப்பா 30 ஆண்டுக்கு மேலாகக் கணக்கு நோட்டு எழுதிவருகிறார். எண்ணெய்க்கு எவ்வளவு, ஐஸுக்கு எவ்வளவு, என்ன மீன் எத்தனை கிலோ, ஏலம் எவ்வளவுக்குப் போனது, செலவு போகப் பங்கு எப்படி வைத்தது என்பதெல்லாம் இடப்பக்கம். எனக்கு வலப்பக்கம்தான் முக்கியம். அன்று காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எப்படி, பிறை எத்தனை, வடகடலா தென்கடலா, எங்கே வலை போட்டார் என்று நாலைந்து வரி இருக்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்திலும் பாம்பனிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது நினைவிருக்கும். அன்று அலமாரியின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறி 7 நோட்டுகள் நனைந்துவிட்டன. பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை தப்பின. ஊற்றுப்பேனாவால் எழுதிய பழைய நோட்டுகளில் ஊதாக் கறைதான் மிச்சம்.

இனிக் கைப்பேசியில் எழுதலாம் என்று ஒரு குறிப்புச் செயலியை இறக்கி மூன்று வாரம் ஆகிறது. 14 கோப்புறைகள் உருவாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், படகு, மீன், நங்கூரம் என்று ஒரு சின்னப் படம். குறிப்பு ஒன்றுகூட எழுதவில்லை. எழுதத் திறந்தால் இது 'காற்று' கோப்புறைக்குப் போகவேண்டுமா, 'மீன்பாடு' கோப்புறைக்கா என்று யோசித்தே மூடிவிடுகிறேன். செயலி சரியில்லையா, நான் சரியில்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கலங்கரை72 (உச்சிப்புளி), திங்கள் இரவு 9.40

தம்பி, 14 கோப்புறையையும் இன்றிரவே அழித்துவிடுங்கள். 35 ஆண்டு பள்ளிக்கூடத்தில் இருந்தவன் சொல்கிறேன். ஜூன் மாதம் நோட்டுக்கெல்லாம் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயரை மூன்று நிறத்தில் எழுதிக்கொண்டு வரும் பையன்களின் நோட்டில் ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றுமே இருக்காது.

உங்கள் அப்பா எப்படி எழுதினார்? ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அதே முறையை வையுங்கள். ஒரு நாளுக்கு ஒரு குறிப்பு. தலைப்பு அன்றைய தேதி. காற்றும் மீனும் ஒரே குறிப்பில் இருக்கட்டும். கடலில் அவை தனித்தனியாகவா இருக்கின்றன?

முண்டுமிளகாய் (ராமநாதபுரம்), திங்கள் இரவு 10.05

ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செயலியைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நான் அப்சிடியன் பயன்படுத்துகிறேன். கைப்பேசியிலோ கணினியிலோ ஒரு சாதாரணக் கோப்புறையைக் காட்டினால் அதையே பெட்டகமாக வைத்துக்கொள்ளும். கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் வேண்டாம். ஒவ்வொரு குறிப்பும் ஓர் உரைக்கோப்பு. எழுதுவது மார்க்டவுன் என்ற எளிய முறையில், 2004 முதல் இருப்பது. வரியின் தொடக்கத்தில் ஒரு கட்டக்குறி (#) போட்டால் தலைப்பு, ஒரு சிறு கோடு போட்டால் பட்டியல், அவ்வளவுதான். நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் கோப்புகளை எதில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அதைவிடச் சுவையானது இணைப்பு. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அந்தப் பெயரில் உள்ள குறிப்போடு அது இணைந்துவிடும். [[நகரை]] என்று மீன் பெயரைப் பத்து நாள் குறிப்பில் எழுதியிருந்தால், 'நகரை' குறிப்பைத் திறக்கும்போது அந்தப் பத்து நாளும் கீழே வரிசையாக வரும். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் இப்படித்தான் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை ஒன்றோடொன்று எண்ணால் இணைத்து வைத்திருந்தார்.

கலங்கரை72, திங்கள் இரவு 10.11

லூமன் 90,000 சீட்டு எழுதினார். அதனால் பெட்டி தேவைப்பட்டது. தம்பியிடம் இன்னும் ஒரு சீட்டுகூட இல்லை.

முண்டுமிளகாய், திங்கள் இரவு 10.14

அடி சரியாக விழுந்தது ஐயா.

சோனகத்தெரு (கீழக்கரை), செவ்வாய் காலை 6.50

நான் வீட்டிலிருந்து தையலும், விசேஷங்களுக்குச் சமையல் ஆர்டரும் எடுத்துச் செய்கிறேன். கூகுள் கீப் போதும் என்பது என் கட்சி. திறந்தால் உடனே எழுதலாம். தேங்காய் இத்தனை, சீரகச்சம்பா இத்தனை என்று அடையாளக் கட்டம் போட்டு எழுதி என் காக்காவோடு (அண்ணனோடு) அந்தக் குறிப்பைப் பகிர்ந்துவிடுவேன். அவர் கடையில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டினால் எனக்கு இங்கே கோடு விழும். அளவு ஜாக்கெட்டைப் படம் எடுத்து அதன் கீழேயே அங்குலக் கணக்கை எழுதிவிடுவேன்.

இணைப்பு, பெட்டகம் என்பதெல்லாம் நேரம் இருப்பவர்களுக்கு. அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கும்போது இரட்டை அடைப்புக்குறி தேடமுடியாது.

பாசிக்கரை (மண்டபம்), செவ்வாய் காலை 11.20

சோனகத்தெரு லாத்தா (அக்கா) சொல்வதில் பாதி சரி. எங்கள் குழு கடற்பாசி வளர்க்கிறது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. விதைப்பாசி கட்டிய நாளிலிருந்து 45 நாளில் அறுவடை. எந்த மிதவையை என்றைக்குக் கட்டினோம் என்பது தவறினால் பாசி முற்றி உதிர்ந்துபோகும். முதலில் கீப்பில்தான் எழுதினோம். மிதவை எண், கட்டிய தேதி, அறுத்த எடை எல்லாம் ஒரே நீளக் குறிப்பு. மாதக் கடைசியில் எடையைக் கூட்ட உட்கார்ந்தால் அதே கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து, ஒரு வரி பார்த்து, ஓர் எண் தட்டி, திரும்பி வந்து, எங்கே விட்டோம் என்று தேடி... ஒரு முறை இரண்டு மிதவை விட்டுப்போய்க் குழுவுக்குள் பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது.

பாம்பன் தம்பிக்கு இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பாவின் நோட்டில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்தீர்களே, அந்தப் பிரிவை விடாதீர்கள். கூட்டவேண்டிய எண்கள் கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளுக்குப் போகட்டும். படிக்கவேண்டிய வரிகள் குறிப்புச் செயலிக்கு. 45 நாள் கழித்து நினைவூட்டவேண்டியது நாட்காட்டிக்கு. குறிப்புச் செயலி கணக்குப்பிள்ளை ஆகாது.

வாடைக்காற்று, செவ்வாய் இரவு 8.30

அக்கா, இது இத்தனை நாள் என் மண்டையில் ஏறவே இல்லை. 14 கோப்புறைகளில் 6 கணக்குக்காகவே இருந்தன. அவற்றை விரிதாளுக்கு அனுப்பிவிட்டேன். மீதியை ஐயா சொன்னபடி அழித்தேன். லாத்தா கோபிக்கக்கூடாது, அப்சிடியனில் தொடங்குகிறேன். கடலுக்குள் போனால் சிக்னல் கிடையாது, கோப்பு என் கையில் இருக்கவேண்டும் என்பதுதான் காரணம்.

சோனகத்தெரு, செவ்வாய் இரவு 8.41

கோபம் ஒன்றுமில்லை தம்பி. கைப்பேசியில் கீப்பும் சிக்னல் இல்லாமல் எழுதவிடும், கரைக்கு வந்ததும் அனுப்பிக்கொள்ளும். சொல்லிவைத்தேன்.

நங்கூரம் (ஏர்வாடி), புதன் இரவு 7.15

ஒருவரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. பாடு கிடைக்கும் இடத்தை மச்சானிடம் கூடச் சொல்லாதவர்கள் நம் ஆட்கள். ஜிபிஎஸ் எண்ணோடு அதை எழுதி இணையத்தில் ஏற்றப்போகிறீர்களா? உங்கள் அப்பாவிடம் கேட்டீர்களா?

படங்களையும் கவனியுங்கள். கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால் படத்துக்குள்ளேயே அந்த இடத்தின் எண்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். மீன் படத்தை நண்பருக்குக் கோப்பாக அனுப்பினால் இடமும் சேர்ந்தே போகலாம்.

ஜாப்ளின் என்ற திறமூலச் செயலியில் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது நம் கடவுச்சொல் இல்லாமல் வேறு யாரும் படிக்கமுடியாத பூட்டு, இருக்கிறது. அது தானாக வராது, அமைப்புகளில் போய் நாம்தான் இயக்கவேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் பூட்டியது பூட்டியதுதான்.

வாடைக்காற்று, புதன் இரவு 10.02

கேட்டேன். "இடத்தை எழுதாதே" என்றார் அப்பா. அவர் நோட்டிலும் எண்கள் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. "கோயில் கோபுரம் பனைக்கு இடப்பக்கம் வந்ததும்" என்பது போல ஏதோ எழுதியிருக்கிறார். எந்தக் கோயில், எந்தப் பனை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதுவே மறையாக்கம். அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

கலங்கரை72, புதன் இரவு 10.09

கடவுச்சொல் மறக்காத மறையாக்கம். பனை விழாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வாடைக்காற்று, ஞாயிறு மாலை 5.25

ஒரு வாரம் ஓடியிருக்கிறது. தினமும் அப்பா சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தட்டச்சு செய்ய நேரம் ஆகிறது என்று வியாழனன்று குரல்வழித் தட்டச்சை இயக்கினேன். வீட்டில் கடல் ஓசை 90.4 வானொலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா "தென்கடல், ஓட்டம் குறைவு" என்று சொல்ல, குறிப்பில் அதற்கு நடுவே வானொலிப் பாட்டு ஒன்றின் அரை வரி வந்து உட்கார்ந்திருந்தது. வானொலியை அணைக்க அவர் சம்மதிக்கவில்லை. எனவே விரலுக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது சிக்கல் தேடலில். அப்பாவின் பழைய நோட்டிலிருந்து 40 பக்கம் வரை ஏற்றினேன். அதில் 'கடல்' என்று தேடினால் வெறும் 3 குறிப்பு வருகிறது. கண்ணால் பார்த்தால் இருபதுக்கு மேல் இருக்கிறது. 'பௌர்ணமி' தேடினால் பாதிதான் வருகிறது. செயலி கெட்டுவிட்டதா?

ஓலைப்பெட்டி (பெரியபட்டினம்), ஞாயிறு இரவு 9.00

இவ்வளவு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் துறை என்பதால் வருகிறேன். மெய்ப்புத் திருத்துபவன், இதில் தினமும் மோதிக்கொள்கிறவன்.

செயலி கெடவில்லை. 'கடல்' என்று தேடினால் 'கடலில்' வராது, 'கடலுக்கு' வராது. ஏன் என்று பாருங்கள். நம் கண்ணுக்கு 'ல்' ஒரே எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறி: முதலில் ல, அதன் பின் புள்ளி. 'லி' என்பதும் இரண்டு: முதலில் ல, அதன் பின் இகரக் கொக்கி. நீங்கள் க, ட, ல, புள்ளி என்ற வரிசையைக் கேட்கிறீர்கள். 'கடலில்' என்ற சொல்லில் ல-வுக்குப் பின்னே புள்ளி இருந்த இடத்தில் கொக்கி இருக்கிறது. எனவே செயலி கைவிரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வேர்ச்சொல் அப்படியே நிற்க, பின்னால் ஒட்டு சேரும். நமக்கு வேற்றுமை உருபு வந்தாலே புள்ளி கழன்றுவிடும்.

வழி எளிது. புள்ளி வைக்காமல் தேடுங்கள். 'கடல' என்று கொடுத்தால் கடல், கடலில், கடலுக்கு, கடலோரம் எல்லாம் வலையில் விழும். 'மீன' என்றால் மீன், மீனை, மீனுக்கு. பல விசைப்பலகைகளில் சொல்லை முழுதாக அடித்துவிட்டு ஒருமுறை பின்னழித்தால் புள்ளி மட்டும் போய்விடும். குற்றியலுகரச் சொல்லானால் உகரத்தை எடுங்கள்: 'காற்ற' என்று தேடினால் காற்று, காற்றில், காற்றுக்கு மூன்றும் வரும். 'மரம்' மரத்தில் ஆகிவிடுவதால் அதற்கு 'மர' வரை குறைக்கவேண்டும். கூடவே மரபும் மரணமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுச் சொல்லாக மட்டுமே பொருத்திப் பார்க்கும் செயலிகளில் இந்த வித்தை பலிக்காது. அவற்றில் சிலவற்றில் சொல்லின் கடைசியில் ஓர் உடுக்குறி (*) சேர்த்தால் நடக்கும்.

பௌர்ணமிக் கதை வேறு. உங்கள் குறிப்புகளில் ஒன்றைத் திறந்து அந்தச் சொல்லின் நடுவே கர்சரை வைத்துப் பாருங்கள். பாதி இடங்களில் நீங்கள் எழுதியிருப்பது பௌர்ணமி அல்ல, 'பெளர்ணமி'. அதாவது பெ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'ஔவை'யை 'ஒளவை' என்று அடிப்பதும் இதே பிழைதான். செய்தித்தாள்களிலேயே தினமும் பார்க்கிறேன்.

வாடைக்காற்று, ஞாயிறு இரவு 9.31

கர்சரை வைத்துப் பார்த்தேன். பெ, ள. இரண்டாகப் பிரிகிறது! 17 இடத்தில் திருத்திவிட்டேன். 'கடல' என்று தேடினால் 26 குறிப்பு. ஓலைப்பெட்டி ஐயாவுக்கு இந்த வாரத்து நகரையில் ஒரு பங்கு உண்டு.

ஓலைப்பெட்டி, ஞாயிறு இரவு 9.44

பொரித்தே கொடுத்தால் நல்லது.

இன்னும் ஒன்று. தலைப்பில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள், 2025-02-09 என்பது போல. நாளை முதலில் வைத்தால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஓரிடத்தில் குவிந்துகொள்ளும். மாதப் பெயரை எழுத்தில் போட்டால் அகரவரிசையில் ஆனியும் ஐப்பசியும் ஒட்டிக்கொள்ளும். பழைய எழுத்துருவில், அதாவது பாமினி போன்றவற்றில், தட்டச்சு செய்த கோப்பு ஏதாவது வீட்டில் இருந்தால் ஒட்டும் முன் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வந்து விழும்.

நங்கூரம், திங்கள் காலை 7.05

என் முட்டாள்தனத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். கைப்பேசிக் குறிப்புகள் கணினிக்கும் வரவேண்டும் என்று ஒரே கோப்புறைக்கு இரண்டு ஒத்திசைவு வழிகளைக் கொடுத்தேன், ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும் என்ற எண்ணத்தில். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு மூன்று நகல் போட்டுவிட்டன. எதில் கடைசித் திருத்தம் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே ஒரு ஞாயிறு போனது. ஒரு கோப்புறைக்கு ஒரு வழிதான்.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. கைப்பேசியில் தவறி அழித்தால் ஒத்திசைவு அதை விசுவாசமாகக் கணினியிலும் அழித்துவிடும்.

கலங்கரை72, திங்கள் காலை 7.30

நம் முன்னோர் ஓலையைப் பூச்சி அரிக்கும் முன்பே புது ஓலையில் பெயர்த்து எழுதிவந்தார்கள். பெயர்த்தெழுத ஆள் இல்லாத ஏடு போய்விட்டது. மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் போட்டு, அதை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள் தம்பி. கீழ்த்தட்டில் அல்ல.

முண்டுமிளகாய், திங்கள் காலை 10.10

ஐயா சொல்லும் பெயர்த்தெழுதலுக்கு வெளியே எடுக்கும் வழி வேண்டும். எந்தச் செயலியானாலும் முதல் வாரத்திலேயே அதைச் சோதித்துவிடுங்கள். கீப்பில் எழுதியவற்றை கூகுள் டேக்அவுட் வழியாக எடுக்கலாம். ஜாப்ளின் மார்க்டவுனாக எழுதித் தரும். இலவசம் என்பதும் என்றைக்கும் ஒரே அளவில் இருக்காது. எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்டு என்று வரம்பு வைத்தது. 500 குறிப்பு சேர்ந்த பிறகு வாசல் எங்கே என்று தேடுவது கடினம்.

பாசிக்கரை, திங்கள் பகல் 1.15

எல்லோரும் விதிமுறையாகச் சொல்லிக்கொண்டே போகிறீர்கள். தம்பி, ஒரு நாள் குறிப்பு ஒன்றை இங்கே போடுங்கள். எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்த்தால்தான் மேலே பேசமுடியும்.

வாடைக்காற்று, வியாழன் இரவு 9.50

இன்றைய குறிப்பு அக்கா. ஓரிடத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

*2025-02-13, வியாழன். பௌர்ணமிக்கு மறுநாள். தென்கடல். விடியலில் வாடை இருந்தது, ஏழு மணிக்கு மேல் தணிந்தது. ஓட்டம் அதிகம், வலை சுருண்டது. அப்பா இரண்டாம் முறை போட வேண்டாம் என்றார், சித்தப்பா போடலாம் என்றார். போட்டோம். [[நண்டு]] 11 கிலோ, [[நகரை]] 6 கிலோ. நண்டில் பாதி சிறியது. வலையில் மூன்று இடத்தில் கிழிசல். அப்பா சொன்னது: பிறை முற்றிய மறுநாள் இந்த இடத்துக்கு வரக்கூடாது.*

பாசிக்கரை, வியாழன் இரவு 10.05

'அப்பா சொன்னது' என்ற அந்த வரியைத் தினமும் எழுதுங்கள். மற்றதில் ஒரு பகுதியாவது விரிதாளில் கிடைத்துவிடும்.

கலங்கரை72, வியாழன் இரவு 10.20

சித்தப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள், அது பிடித்திருக்கிறது. யார் சொன்னது பலித்தது என்று அடுத்த ஆண்டு பார்க்கலாம். வீட்டில் சண்டை வந்தால் எங்களைச் சொல்லாதீர்கள்.

முண்டுமிளகாய், வியாழன் இரவு 10.32

[[நண்டு]], [[நகரை]] இரண்டையும் பார்த்தேன். ஐயா கவனிக்கவேண்டும்.

வாடைக்காற்று, சனி இரவு 8.15

கடைசியாக ஒரு செய்தி. இதுவரை ஏற்றிய குறிப்புகளை ராமநாதபுரம் போனபோது அச்சிட்டு எடுத்துவந்து அப்பாவிடம் கொடுத்தேன். கைப்பேசித் திரையில் அவருக்கு எழுத்து தெரிவதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் படித்தார். சிவப்புப் பேனா கேட்டார். பழைய நோட்டின் ஊதாக் கறைக்குள்ளிருந்து நான் ஊகித்து ஏற்றிய ஒரு குறிப்பில் 'கச்சான்' (மேல்காற்று) என்று இருந்ததை அடித்து 'வாடை' என்று எழுதினார். "அன்றைக்கு நீ பிறந்தாய். கார்த்திகையில் எங்கேயடா கச்சான் அடிக்கும்?" என்றார்.

திருத்திவிட்டேன். இன்னும் 11 பக்கம் சிவப்பில் இருக்கிறது.